துறுதுறுப்பும் பயமும்: எதற்கு முதலில் மருந்து?

“ஒரு எடத்துல ஒக்கார மாட்டான் டாக்டர். ஆனா ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாப் போகச் சொன்னா அழுவுறான்.”

மதுரையில் என் மருத்துவமனைக்கு வரும் அம்மாக்களில் பலர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவர்களே குழம்பிப்போய் என் முகத்தைப் பார்ப்பார்கள். வாலுப் பிள்ளை என்றால் தைரியமாக இருக்க வேண்டும், பயந்த சுபாவம் என்றால் அடங்கி ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நம் வீடுகளில் உள்ள கணக்கு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் ‘நடிக்கிறான்’ என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். என்னிடம் வருவதற்குள் மந்திரித்த கயிறு ஒன்று கையில் ஏறியிருக்கும். கயிற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கயிற்றைக் கட்டிய பாட்டிக்கு அந்தப் பிள்ளை மேல் அக்கறை இருக்கிறது.

பிள்ளை நடிக்கவில்லை. ஏ.டி.எச்.டி. என்று நாங்கள் சொல்லும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பதற்றக் கோளாறும் கூடவே இருக்கிறது. அமெரிக்காவில் நடந்து 1999 டிசம்பரில் வெளிவந்த எம்.டி.ஏ. ஆய்வில் 579 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பதற்றக் கோளாறும் இருந்தது. என் அறைக்கு வரும் பிள்ளைகளிடமும் நான் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து தேர்ந்தெடுப்பது என் வேலையில் மிகுந்த கவனம் கேட்கும் பகுதி. இதைப் பற்றிப் பெற்றோரிடம் விளக்கிப் பேச ஒரு நாள் ஓ.பி.யில் நேரம் போதுவதில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் வரும் குழந்தைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் சந்திப்பில் நான் பெரும்பாலும் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. பள்ளி நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்வேன். ரேங்க் கார்டு வேண்டாம், நோட்டு போதும். ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளையின் நோட்டில் தேதி இருக்கும், தலைப்பு இருக்கும், மூன்று வரிக்குப் பிறகு ஒன்றும் இருக்காது. கடைசிப் பக்கத்தில் மட்டும் கிரிக்கெட் ஸ்கோரும் படங்களும் நிறைந்திருக்கும். பதற்றம் மட்டும் உள்ள பிள்ளையின் நோட்டில் ரப்பர் தேய்த்துத் தாள் கிழிந்திருக்கும். ஒரே எழுத்தை நான்கு முறை அழித்து எழுதியிருப்பாள். இரண்டும் உள்ள பிள்ளையின் நோட்டில் பாதிப் பக்கம் கிழிய அழித்திருக்கும், மீதிப் பக்கம் காலியாக இருக்கும். ஒரு பரிசோதனைத் தாளில் கிடைக்காத தகவல் எனக்கு அங்கே கிடைத்துவிடுகிறது.

அடுத்து, எந்த வயதிலிருந்து இப்படி என்று கேட்பேன். ஏ.டி.எச்.டி. ஏழாம் வகுப்பில் திடீரென்று முளைப்பதில்லை. எல்.கே.ஜி. டீச்சரே சொல்லியிருப்பார். மே மாத விடுமுறையில் பாட்டி வீட்டில் எப்படி இருந்தான் என்றும் கேட்பேன். பள்ளி பற்றிய பயத்தால் வந்த கவனமின்மை லீவில் பெரும்பாலும் குறைந்துவிடும். ஏ.டி.எச்.டி. லீவிலும் கூடவே வரும். அங்கேயும் செருப்பைத் தொலைப்பான், கிணற்றடியில் ஓடி ஏறுவான், சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவான்.

பிறகு பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. துறுதுறுப்பைப் பற்றிச் சொல்ல அம்மாவும் டீச்சரும் போதும். பயத்தைப் பற்றிக் குழந்தைதான் சொல்ல வேண்டும். “மனசுல ‘ஏதாவது ஆயிடுமோ’ன்னு அடிக்கடி என்ன வரும்?” என்று கேட்பேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், வகுப்பில் மேசை மேசையாகத் தாவுகிறான் என்று கூட்டி வரப்பட்டவன், சட்டென்று சொன்னான்: “அம்மா வண்டில வேலைக்குப் போறப்ப லாரி இடிச்சிருமோன்னு இருக்கும். அதான் ஜன்னல்கிட்ட போய்ப் போய்ப் பாப்பேன்.” அவன் எழுந்து ஓடியதில் பாதி அதற்காகத்தான். அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

வேறு சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். இரவில் வாய் திறந்து குறட்டை விடுகிற, அடினாய்டு பெருத்த பிள்ளை பகலில் ஏ.டி.எச்.டி. பிள்ளை போலவே நடந்துகொள்ளும். காது மந்தம், இரத்தச்சோகை, தைராய்டு எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். இன்னொன்றையும் நான் கேட்காமல் விடுவதில்லை: வீட்டில் யாராவது குடிக்கிறார்களா, அடிக்கிறார்களா? இரவில் கதவு தட்டும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தை மறுநாள் வகுப்பில் கணக்கைக் கவனிக்காது. அதற்கு எழுத வேண்டியது கவனத்துக்கான மாத்திரை அல்ல. அப்பாவை மறுநாள் வரச் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகு, ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது, பதற்றமும் இருக்கிறது என்று தெளிவானால் மருந்துப் பேச்சு தொடங்குகிறது.

நான் மேற்படிப்புப் படித்த காலத்தில் இதற்கு ஒரு விதி இருந்தது: பயந்த பிள்ளைக்கு ஊக்க மருந்து கொடுக்காதே. ஊக்க மருந்து என்றால் முதன்மையாக மெத்தில்பெனிடேட். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசான் என்ற வேதியியலாளர் 1944இல் உருவாக்கிய பொருள் அது. அவர் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டாலின் ஆகி 1954இல் சந்தைக்கு வந்தது. அதற்கும் முன்னால், 1937இல், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் பென்சிட்ரின் என்ற ஆம்ஃபிடமைன் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். ஊக்க மருந்து கொடுத்தால் துள்ளுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஆனாலும் ரிட்டாலின் பெட்டிக்குள் இருக்கும் தகவல் தாளில், மிகுந்த பதற்றமும் இறுக்கமும் உள்ளவர்களுக்குத் தரக் கூடாது என்ற வாசகம் நெடுங்காலம் இருந்தது. மருந்து இதயத் துடிப்பைக் கூட்டும், கை நடுங்க வைக்கும், பயந்தவனை மேலும் பயமுறுத்தும் என்பது அதன் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பதற்றம் உள்ள பிள்ளைகளிடம் இந்த மருந்து குறைவாகவே வேலை செய்கிறது என்று 1980களின் சில சிறிய ஆய்வுகளும் சொல்லியிருந்தன.

எம்.டி.ஏ. ஆய்வு வந்தபின் அந்த விதி ஆட்டம் கண்டது. பதற்றம் உள்ள குழந்தைகளுக்கும் மருந்து மற்றவர்களைப் போலவே பலன் தந்திருந்தது. இன்னொரு முடிவும் அதில் இருந்தது, அதை நம் ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை: பதற்றமும் சேர்ந்து இருந்த குழந்தைகளுக்கு, மருந்தில்லாமல் பெற்றோருக்கும் பள்ளிக்கும் பயிற்சி கொடுத்து நடத்தையைச் சீராக்கும் சிகிச்சை, மருந்துக்கு ஏறக்குறைய ஈடாகவே பலித்தது. 2015இல் இருபத்து மூன்று ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று வந்தது. ஏறத்தாழ மூவாயிரம் குழந்தைகள். ஊக்க மருந்து எடுத்தவர்களிடம் பதற்றம் ஒரு பக்கவிளைவாகக் கூடவில்லை. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பதற்றக் கோளாறும் உள்ள ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே மருந்துகளைத் தரலாம் என்று நேராகச் சொல்லிவிட்டது.

சராசரி என்பது ஒரு குழந்தையின் கதை அல்ல என்பதும் எனக்குத் தெரியும். சில பிள்ளைகளுக்கு மெத்தில்பெனிடேட் பதற்றத்தைக் கூட்டத்தான் செய்கிறது. ஆனால் கூட்டும் என்று முன்கூட்டியே பயந்து, கொடுத்தே பார்க்காமல் விடுவது தவறு என்பதுதான் என் நிலை.

ஊக்க மருந்தால் பல பிள்ளைகளுக்குப் பதற்றம் ஏன் குறைகிறது என்பதை ஒரு சிறுமியை வைத்துச் சொல்கிறேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்தாள், மூன்றாம் வகுப்பு. துறுதுறுப்பே கிடையாது. வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் யூனிஃபார்ம் போட்டதும் வயிற்று வலி, சில நாள் வாந்தி. வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. எல்லோரும் பயம் என்றார்கள், அது உண்மைதான். ஆனால் அவள் எதற்குப் பயந்தாள்? “மிஸ் கேக்குறப்ப எங்க இருக்கோம்னே எனக்குத் தெரியாது டாக்டர். எல்லாரும் சிரிப்பாங்க.” பாடம் நடக்கும்போது மனம் நழுவிவிடுகிறது, திரும்பி வரும்போது கேள்வி வந்து நிற்கிறது. தினமும் எட்டுப் பீரியடு இப்படி மாட்டிக்கொள்ளும் குழந்தைக்குக் காலையில் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? துள்ளாத பெண் குழந்தைகளின் ஏ.டி.எச்.டி.யை நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம். அமைதியான பிள்ளை, மந்தமான பிள்ளை என்ற பெயரோடு அவர்கள் பத்தாம் வகுப்பு வரை வந்துவிடுகிறார்கள்.

அவளுக்கு மெத்தில்பெனிடேட் 5 மில்லிகிராமில் தொடங்கினேன். காலை உணவுக்குப் பிறகு ஒன்று. ஒரு வாரம் கழித்து மதியத்துக்கும் ஒன்று. சில வாரங்களில் நோட்டுகள் முழுமையாயின. வயிற்று வலி சொல்லும் காலைகள் குறைந்தன. டீச்சர் கேட்கும்போது பக்கம் எதுவென்று அவளுக்குத் தெரிந்தது, அதுவே பயத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுபோனது. இருட்டுக்கும் நாய்க்கும் பயப்படுவது அப்படியே இருந்தது. அந்தப் பயம் கவனக்குறைவிலிருந்து வந்ததல்ல, மாத்திரை அதைத் தொடவும் இல்லை. அதற்கு வேறு வேலை செய்தோம், பிறகு சொல்கிறேன்.

எனவே இரண்டும் இருக்கும்போது எதை முதலில் பார்ப்பது என்றால், எது அந்தக் குழந்தையின் நாளை அதிகம் கெடுக்கிறதோ அதை. இரண்டும் சமமாக இருந்தால் ஏ.டி.எச்.டி.யை. மெத்தில்பெனிடேட்டின் பலன் ஒரு மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும், சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒத்துவரவில்லை என்றால் மறுநாளே நிறுத்தலாம், எதுவும் உடம்பில் தங்காது. பதற்ற மருந்துகள் அப்படி அல்ல, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விரைவில் பதில் சொல்லும் மருந்தை முதலில் கேட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பதற்றப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது சில நுணுக்கங்கள் உண்டு. குறைந்த அளவில் தொடங்கி, வழக்கத்தைவிட மெதுவாக ஏற்ற வேண்டும். இந்தப் பிள்ளைகள் தங்கள் உடம்பை ஓயாமல் கவனிப்பவர்கள். நெஞ்சு லேசாகப் படபடத்தாலும் ‘எனக்கு என்னவோ ஆகுது’ என்று பயந்துவிடுவார்கள். அதனால் குழந்தையிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன்: “இத போட்டதும் நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்கலாம். ஓடி விளையாடுறப்ப அடிக்கும்ல, அந்த மாதிரி. சாயங்காலம் சரியாயிரும்.” சொல்லிவைத்த பிள்ளை பயப்படுவதில்லை. தொடங்குவதற்கு முன் நாடி, இரத்த அழுத்தம், உயரம், எடை பார்த்து எழுதிவைப்பேன். குடும்பத்தில் சிறு வயதில் திடீர் மரணம், இதயக் கோளாறு உண்டா என்று கேட்காமல் சீட்டு எழுதுவதில்லை.

பசி குறையும். மதியம் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். காலையில் இட்லியோ தோசையோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மாத்திரை, இரவு எட்டரைக்குப் பசி திரும்பும்போது இன்னொரு முறை சாப்பாடு என்று அம்மாக்களிடம் பேசி வைத்துக்கொள்வேன். மாத்திரை இறங்கும் மாலை நேரத்தில் சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள், அழுவார்கள். பல வீடுகளில் டியூஷனுக்கு அனுப்பும் நேரமும் அதுதான். அந்த அழுகையைப் பார்த்து ‘மருந்து பயத்தைக் கூட்டிவிட்டது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். எந்த நேரத்தில் அழுகிறான் என்று குறித்து வந்தால் வித்தியாசம் தெரியும். மாத்திரை உச்சத்தில் இருக்கும் காலை பத்து, பதினோரு மணிக்கு அழுதால் மருந்தின் அளவு அதிகம் அல்லது மருந்து ஒத்துவரவில்லை. மாலையில் மட்டும் அழுதால் அது இறங்கும் நேரத்துச் சிக்கல், நேரத்தையோ மாத்திரை வகையையோ மாற்றிச் சரிசெய்யலாம். நாள் முழுக்க முகத்தில் சிரிப்பே இல்லாமல் பொம்மை மாதிரி இருந்தால், நோட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். அளவைக் குறைத்துவிடுவேன்.

காப்பி, டீயையும் கேட்பேன். நம் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் கொடுக்கிறோம். பதற்றமும் தூக்கக் குறைவும் உள்ள பிள்ளைக்கு, அதிலும் ஊக்க மருந்து எடுக்கும் பிள்ளைக்கு, அதை நிறுத்திவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

மருந்து கிடைப்பது தனிக் கதை. மெத்தில்பெனிடேட் இந்தியாவில் கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். அதற்கான தனி உரிமம் உள்ள கடைகளே விற்கலாம். தவறாகப் பயன்படுத்தப்படக் கூடிய மருந்துக்குக் கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் விளைவு, உரிமம் உள்ள கடை பெரிய ஊர்களில் மட்டும் இருக்கிறது. கம்பத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் ஒரு தாய் மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது. வர முடியாத மாதம் மருந்தும் நின்றுபோகும். எந்த மருந்து சிறந்தது என்று முடிவெடுக்கும்போது அந்தப் பஸ் பயணத்தையும் சேர்த்தே நான் யோசிக்கிறேன். எந்தப் பாடநூலும் இதைச் சொல்வதில்லை.

அந்த இடத்தில்தான் அட்டோமாக்ஸெட்டின் பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, ஊக்க மருந்து வகை அல்ல. எக்ஸ் அட்டவணைச் சிக்கல் இல்லை. நாள் முழுக்க வேலை செய்யும், மாலையில் இறங்கும் தொல்லை கிடையாது. பதற்றமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. குழந்தைகள் 176 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் கவனம், பதற்றம் இரண்டுமே போலி மருந்தைவிட நன்றாகத் தேறின. கவனத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ஊக்க மருந்தின் அளவுக்கு அதன் வலு வராது. ஆனால் மெத்தில்பெனிடேட் பதற்றத்தைக் கூட்டிய பிள்ளைக்கு, தன்னையறியாமல் வரும் தசைத் துடிப்பு (டிக்ஸ்) உள்ள பிள்ளைக்கு, வீட்டில் போதைப் பழக்கம் உள்ள ஒருவர் மாத்திரையை எடுத்துவிடுவார் என்ற அச்சம் உள்ள வீட்டுக்கு, இதுதான் என் தேர்வு.

இதன் பெரிய சோதனை பொறுமை. கிலோவுக்கு அரை மில்லிகிராமில் தொடங்கி 1.2 மில்லிகிராம் வரை ஏற்ற வேண்டும். 25 கிலோ பிள்ளை என்றால் 10 மில்லிகிராமில் ஆரம்பித்து 25க்கு வருவோம். முழுப் பலன் தெரிய ஆறு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்று வலி, தூக்கக் கலக்கம் மட்டும் தெரியும். ஏற்கெனவே வயிற்று வலி சொல்லும் பிள்ளை அல்லவா, இரண்டாவது வாரம் பாட்டி நிறுத்திவிடுவார். அதனால் பாட்டியையும் முதல் நாளே கூட்டிவரச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், முதல் வாரம் சிரமம், ஆறாவது வாரம் பேசுவோம் என்று அவரிடமே சொல்கிறேன். மிக அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். தற்கொலை எண்ணம் சிலருக்குத் தோன்றக்கூடும் என்று 2005இல் இந்த மருந்தின் மேல் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஆய்வுகளில் அது ஆயிரத்தில் நான்கு குழந்தைகள் அளவில் இருந்தது, யாரும் இறக்கவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று இதை மறைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பெற்றோர் பெரியவர்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சில பிள்ளைகளிடம் பதற்றம்தான் நாளை விழுங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பையன், இரண்டு மாதமாகப் பள்ளிக்கே போகவில்லை. வாசல் வரை போய் மூச்சுத் திணறித் திரும்பிவிடுவான். சிறு வயதிலிருந்தே ஏ.டி.எச்.டி.யும் உண்டு. ஆனால் பள்ளிக்கே போகாதவனுக்குக் கவன மாத்திரை கொடுத்து என்ன செய்வது? இப்படிப்பட்டவர்களிடம் பதற்றத்தில் தொடங்குகிறேன். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சி.பி.டி. சிகிச்சை, அதோடு தேவைப்பட்டால் செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள். 2008இல் வெளியான ஆய்வொன்றில் பதற்றக் கோளாறு உள்ள 488 குழந்தைகளில், செர்ட்ராலினும் சி.பி.டி.யும் சேர்ந்து பெற்றவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் நன்றாகத் தேறினார்கள். தனியாக எது கொடுத்தாலும் ஐம்பத்தைந்து, அறுபதுக்கு அருகில்தான் நின்றது.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. தொடங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. முதல் சில வாரங்களில் சில குழந்தைகள் திடீரென்று அதிகம் பேசுவார்கள், தூங்க மாட்டார்கள், உட்கார முடியாமல் அலைவார்கள். அது மருந்து கிளப்பிய பரபரப்பு. ஏ.டி.எச்.டி. முற்றிவிட்டது என்று நினைத்து மேலே இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால் பிள்ளைக்குக் கேடு. அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். இதற்காகத்தான் மிகச் சிறிய அளவில் தொடங்குகிறேன், இதற்காகத்தான் ஒரே நேரத்தில் இரண்டு மருந்துகளை மாற்றுவதில்லை. இன்றைக்கு இரண்டைத் தொடங்கி அடுத்த வாரம் பிள்ளை மோசமானால், எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளுக்கும் ‘கறுப்புப் பெட்டி’ எனப்படும் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. ஆய்வுகளில் மருந்து எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் போலி மருந்து எடுத்தவர்களில் இரண்டு பேருக்கும் தற்கொலை சார்ந்த எண்ணமோ செயலோ இருந்தது. அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு இல்லை. முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன், நேரில் முடியாவிட்டால் போனிலாவது.

இரண்டு மருந்தும் தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. மெத்தில்பெனிடேட்டோடு எஸ்.எஸ்.ஆர்.ஐ. சேர்ப்பது பொதுவாகப் பாதுகாப்பானதுதான், ஆனால் அது கட்டாயம் பலிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஊக்க மருந்துக்குப் பிறகும் பதற்றம் நீடித்த குழந்தைகளுக்கு ஃப்ளுவாக்ஸமின் என்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டின் சிறிய ஆய்வில், போலி மருந்தைவிட அது மேலாக வரவில்லை. அட்டோமாக்ஸெட்டினோடு ஃப்ளுவாக்ஸெட்டினைச் சேர்க்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இரண்டையும் கல்லீரலில் ஒரே நொதிதான் கையாள்கிறது. ஃப்ளுவாக்ஸெட்டின் அந்த நொதியைத் தடுத்துவிடுவதால் அட்டோமாக்ஸெட்டின் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். வேறு வேறு மருத்துவர்களிடம் போய் இரண்டையும் வாங்கி, நெஞ்சுப் படபடப்போடு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் கையில் கொண்டுபோங்கள்.

குளோனிடினைத் தூக்கம் வராமல் கொந்தளிக்கும் பிள்ளைகளுக்கு இரவில் சிறிதளவு பயன்படுத்துகிறேன். அது இரத்த அழுத்தத்துக்கான மருந்து, திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும். ‘பயத்துக்கு’ என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வகைகளை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. சிலரை அது அடக்குவதற்குப் பதில் கட்டவிழ்த்துவிடும், பழக்கமாகவும் ஆகும்.

மாத்திரை தொடாத பயத்துக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன் என்றேன். தேனிச் சிறுமியோடும் அவள் அம்மாவோடும் உட்கார்ந்து ஒரு தாளில் படிக்கட்டு வரைந்தோம். கீழ்ப்படியில், அறை விளக்கு எரிய, கதவு திறந்திருக்க, தனியாக ஐந்து நிமிடம். மேல்படியில், விளக்கணைத்த அறையில் தனியாகத் தூங்குவது. பயம் பாதியாகக் குறையும்வரை ஒரு படியில் நிற்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. கடினமான பகுதி அம்மாவுக்குத்தான். மகள் கூப்பிட்டதும் ஓடிப்போய் நிற்கும் வழக்கத்தை அவர் விட வேண்டியிருந்தது. அவரும் சிறு வயதிலிருந்து பயந்தவர். பேசிக்கொண்டே வந்தபோது தனக்கும் சிகிச்சை வேண்டும் என்று கேட்டார், செய்தோம். கவனம் சீராகியிருந்ததால் மகள் தன் பாடங்களைப் போலவே படிக்கட்டையும் நினைவில் வைத்துக்கொண்டாள். மருந்தும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து வேலை செய்வதை இந்தப் பிள்ளைகளிடம் நேரில் பார்க்கிறேன். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் மாத்திரையை யோசிப்பதற்கு முன் பெற்றோர் பயிற்சியைத்தான் தொடங்குகிறேன்.

“மருந்து பழக்கமாயிருமா?”, “காலம் பூரா போடணுமா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழி எடுக்கும் மெத்தில்பெனிடேட்டுக்குக் குழந்தைகள் அடிமையாவதை நாங்கள் பார்ப்பதில்லை. உயரம் சிறிதளவு பாதிக்கப்படலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி அமைதியாக நடக்கும் ஒரு காலத்தில், நிறுத்திப் பார்த்து இன்னும் தேவையா என்று சோதிக்கிறோம். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் அதற்கான நேரம் அல்ல. ‘பரீட்சைக்கு மட்டும் டோஸைக் கூட்டிக் கொடுங்க’ என்ற வேண்டுகோளுக்கு நான் இணங்குவதில்லை. பரீட்சை நேரத்தில் பதற்றம் தானாகவே கூடும், அதன் மேல் மருந்தின் அளவையும் ஏற்றினால் நொறுங்குவது பிள்ளை.

பெற்றோர்களுக்கு: தொடங்கிய மருந்து பயத்தைக் கூட்டுகிறது என்று தோன்றினால் எந்த நாள், எத்தனை மணி, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், எழுதியதோடு மருத்துவரை அழையுங்கள். பயந்த பிள்ளை என்பதற்காகவே கவனத்துக்கான மருந்தை மறுத்துவிடாதீர்கள், துள்ளுகிற பிள்ளை என்பதற்காக அவன் பயத்தைக் கேட்காமலும் விட்டுவிடாதீர்கள். அரசுக்கு: மெத்தில்பெனிடேட்டும் அட்டோமாக்ஸெட்டினும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மருந்தகத்திலும் எல்லா மாதமும் இருக்க வேண்டும். பரமக்குடித் தாய் அதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய தேவை இருக்கக் கூடாது.